வரப்பு வெட்டும் கையும் ‘தைரியம்’ என்ற சொல்லும்

நடவுக்கு முன்னால் வரப்பில் அண்டை வெட்டுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் களை எடுக்கும் வேலை இல்லை. வரப்பின் பக்கவாட்டில் மண்டிய அருகையும் கோரையையும் மண்வெட்டியால் சீவ வேண்டும். அப்புறம் வயலில் இருந்து சேற்றை அள்ளி அதே இடத்தில் அப்பி, மண்வெட்டியின் முதுகால் தடவி வழவழப்பாக்க வேண்டும். நண்டு வளை அடைபடும், தண்ணீர் ஒழுகாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் பக்கம் கொஞ்சம் ஆழமாகச் சீவிவிட்டு, சேற்றைக் கொஞ்சம் குறைத்து அப்பினால் வரப்பு மெலியும். மெலிந்த வரப்பைப் பக்கத்து வயற்காரர் தன் பக்கம் மண் அணைத்துத் தடிமனாக்கிக்கொள்வார். அவ்வளவுதான். அவர் கையாலேயே வரப்பு அவர் பக்கம் நகர்ந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு விரற்கடை போதும், ஒரு தலைமுறையில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ‘வரப்புயர’ என்று ஔவை வாழ்த்தியது உயரத்தான், நகர அல்ல.

பொறையாறு பக்கம் எங்கள் ஊர். லுத்தரன் குடும்பம், அதாவது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். பெரியப்பா வாலிப வயதில் இந்த வேலையில் கெட்டிக்காரர் என்று பேர். பிற்பாடு அவருக்கு விசுவாசம் பிடித்தது. அதாவது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வருகிற அளவில் இருந்தது, உள்ளே இறங்கியது. ஒரு நாள் சாயங்கால ஜெபம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: “கைய நிறுத்திட்டேன்டா தம்பி. கண்ண நிறுத்த முடியல. வரப்புல கால வச்சா அது தானா அளக்குது.”

கிறிஸ்தவ இறையியல் நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டி வரும் ஒரு கேள்வி அவருடைய அந்த மூன்று வரியில் முழுசாக இருக்கிறது. மன்னிப்பு ஒரு நொடியில் கிடைத்துவிடுகிறது என்கிறது இந்த விசுவாசம். அப்படியானால் கண் ஏன் இன்னும் அளக்கிறது? மன்னிக்கப்பட்டவன் நல்லவனாக மாறுவது யார் பொறுப்பு, தேவனுடையதா, அவனுடையதா? மன்னிப்புக்கு ‘நீதிமானாக்கப்படுதல்’ என்றும், அதற்குப் பின் வரும் நீண்ட வளர்ச்சிக்குப் ‘பரிசுத்தமாகுதல்’ என்றும் நம் சபைகளில் பெயர். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளவும் கூடாது, ஒன்றிலிருந்து ஒன்றை வெட்டிப் பிரித்துவிடவும் கூடாது. சொல்வது சுலபம்.

அன்றைக்கு ஜெபத்தில் வாசித்தது பைபிளில் பேதுருவின் இரண்டாம் நிருபம் (கடிதம்), முதல் அதிகாரம். புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் புழங்கும் பழைய திருப்புதலில், அதாவது தமிழ் மொழிபெயர்ப்பில், ஐந்தாம் வசனம் இப்படித் தொடங்கும்: “இப்படியிருக்க, நீங்கள் அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய் உங்கள் விசுவாசத்தோடே தைரியத்தையும், தைரியத்தோடே ஞானத்தையும்…” தொடர்ந்து இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், கடைசியில் அன்பு. விசுவாசத்தோடு கூட்ட வேண்டியவை ஏழு.

இதில் முதலில் நிற்கிற ‘தைரியம்’ எனக்கு வெகுநாள் உறுத்தியது. மூலக் கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘அரெட்டே’. ஒரு பொருளோ ஒரு மனிதனோ தன் இயல்பில் சிறந்து நிற்பது, நற்குணம், மேன்மை என்றெல்லாம் அதற்குப் பொருள். கிரேக்க தத்துவ அறிஞர்கள் ஓயாமல் பேசிய சொல். புதிய ஏற்பாட்டிலோ அபூர்வம், நாலே வசனங்களில்தான் வருகிறது. அந்த நாலிலும் நம் பழைய திருப்புதல் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, “புண்ணியம் எதுவோ, புகழ் எதுவோ, அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்” என்கிறாரே, அந்தப் ‘புண்ணியம்’ அரெட்டேதான். பேதுருவின் முதல் நிருபத்தில், இருளிலிருந்து அழைத்தவருடைய ‘புண்ணியங்களை’ அறிவியுங்கள் என்கிற இடமும் அதே சொல். இரண்டாம் நிருபத்தில் மூன்றாம் வசனத்தில் அது தேவனுடைய ‘காருணியம்’. இரண்டே வசனம் தள்ளி, மனிதனிடம் எதிர்பார்க்கப்படும்போது ‘தைரியம்’.

ஒரு சொல், மூன்று தமிழ். மொழிபெயர்த்தவர்கள் தடுமாறினார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘புண்ணியம்’ என்று ஐந்தாம் வசனத்தில் போட்டிருந்தால் இந்த மண்ணில் என்ன அர்த்தமாகும் என்று யோசியுங்கள். காவிரியில் துலா மாசம் முழுக்குப் போட்டால் புண்ணியம், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் ‘புண்ணியமாப் போவே’ என்ற வாழ்த்து. புண்ணியம் என்பது சேர்த்து வைக்கும் பொருள், போகிற வழிக்குக் கட்டுச்சோறு. விசுவாசத்தோடு புண்ணியத்தைக் கூட்டுங்கள் என்றால், கேட்பவர் வரவு செலவுக் கணக்கு நோட்டைத்தான் திறப்பார். கத்தோலிக்க ஞானோபதேசம் (பிள்ளைகளுக்கான மறைப் பாடம்) அந்தச் சொல்லுக்குப் பயப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் மூன்றும் ‘தேவசம்பந்தமான புண்ணியங்கள்’ என்று அங்கே பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். இப்போது கத்தோலிக்கர் கையில் இருக்கும் புதிய மொழிபெயர்ப்பு ஐந்தாம் வசனத்தில் ‘நற்பண்பு’ என்று நேராகச் சொல்லிவிடுகிறது. சரியான சொல்தான். ஆனால் ‘தைரியம்’ போல அது ஆளை உலுக்குவதில்லை. இதற்குத் திரும்பி வருகிறேன்.

அந்த வசனத்தின் வினைச்சொல் இன்னும் சுவாரசியம். ‘கூட்டிவழங்குங்கள்’ என்று முடிகிறது. கிரேக்கத்தில் அந்த வினைக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. ஏதென்ஸ் நகரத்தில் திருவிழா நாடகங்களுக்குப் பாடும் குழுவைப் பயிற்றுவிக்கவும் உடை கொடுக்கவும் ஒரு பணக்காரக் குடிமகன் தன் கைப்பணத்தைச் செலவழிப்பார். அவருடைய பட்டப்பெயரிலிருந்து பிறந்த வினை அது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்றைய மண்டகப்படி இன்னார் உபயம் என்று நோட்டீஸில் போடுவார்களே, அந்த உபயம்தான். உபயதாரர் கிள்ளிக் கொடுத்தால் ஊர் சிரிக்கும், அள்ளித்தான் கொடுக்க வேண்டும். விசுவாசத்துக்கு நற்குணத்தை உபயம் செய் என்கிறார் பேதுரு. அதே வினை பதினோராம் வசனத்தில் மறுபடி வருகிறது. இந்தத் தடவை உபயதாரர் தேவன். நித்திய ராஜ்யத்துக்குள் பிரவேசிக்கும் சிலாக்கியம் உங்களுக்குப் ‘பரிபூரணமாய் அளிக்கப்படும்’ என்கிறபோது அங்கே இருப்பது அந்தச் சொல்லே. அதோடு மூன்றாம் வசனத்திலேயே, வேண்டிய யாவற்றையும் அவர் ஏற்கெனவே தந்துவிட்டார் என்று சொல்லியாயிற்று. ஆக, முன்னாலும் அவர் கொடுக்கிறார், பின்னாலும் அவர் கொடுக்கிறார். நடுவில் நாம் அள்ளிக் கொடுப்பது அவர் கொடுத்த முதலிலிருந்துதான்.

நல்லவனாக இருந்து தேவனுடைய தயவை வாங்க முடியாது என்பதற்கும், அதனால் சும்மா இருந்துவிடலாம் என்பது தப்பு என்பதற்கும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. பவுல் இதையே பிலிப்பியருக்கு ஒரே மூச்சில் சொல்கிறார். பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. ‘ஆனாலும்’ என்று அவர் எழுதவில்லை, ‘ஏனெனில்’ என்று எழுதினார்.

கடைமடை விவசாயிக்கு இது புரியாத புதிர் இல்லை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்ததிலிருந்து, தண்ணீர் இருக்கும் வருஷங்களில் ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீரை நாம் உண்டாக்கவில்லை. குடகில் பெய்த மழை அது. நாம் நல்லவர்கள் என்பதற்காகவும் வரவில்லை. ஆனால் வாய்க்காலைத் தூர் வாரவில்லை என்றால் அணை திறந்த சேதியைப் பேப்பரில் படித்துக்கொண்டு வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் தலைமடையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். தூர் வாருகிறவன் தண்ணீரைச் சம்பாதிப்பதில்லை, வழி விடுகிறான். (உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. கர்நாடகத்திடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிற தண்ணீரைக் கிருபைக்கு ஒப்பிட்டால் உபதேசியாரே சிரிப்பார்.)

இந்த இடத்தில்தான் பதினாறாம் நூற்றாண்டில் மேற்கத்திய சபை இரண்டாகப் பிளந்தது. நல்ல கிரியைகள் ஒருவனை நல்லவனாக்குவதில்லை, நல்லவனாக்கப்பட்டவனே நல்ல கிரியைகளைச் செய்கிறான் என்று 1520-இல் எழுதினார் மார்ட்டின் லுத்தர். மரம் முதலில், கனி பிறகு. விசுவாசி சாகும்வரை ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்பதும் அவர் போதனை. பெரியப்பாவின் கையும் கண்ணும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் வேறு மாதிரிச் சொன்னது: கிருபை மனிதனை உள்ளபடியே மாற்றுகிறது, அந்தக் கிருபையோடு ஒத்துழைத்து அவன் நீதியில் வளர்கிறான். தரங்கம்பாடி லுத்தரன் கோயிலும் வேளாங்கண்ணி பேராலயமும் ஒரே கடற்கரையில் இருப்பதால் டெல்டாவில் இந்த இரண்டு குரலும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் கேட்கும். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இது பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. கிருபையால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபை நற்கிரியைகளுக்கு நம்மைத் தயார்ப்படுத்துகிறது என்ற அடிப்படையில் இருவரும் ஒத்துப்போனார்கள். எங்கள் பக்கம் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. கல்யாணத்துக்குப் பெண் எடுக்கும்போது இன்னும் 1547-இல்தான் இருக்கிறார்கள்.

சரி, வளர்வது நடைமுறையில் எப்படி? கத்தோலிக்கரிடம் ஒரு நல்ல பட்டியல் உண்டு. தலையான பாவம் ஏழு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு புண்ணியம். ஆங்காரத்துக்குத் தாழ்ச்சி, காய்மகாரத்துக்கு (பொறாமைக்கு) பிறர்சிநேகம், போசனப்பிரியத்துக்கு மட்டசனம் (அளவாகச் சாப்பிடுவது). காய்மகாரம், மட்டசனம் போன்ற அருமையான சொற்கள் இன்று பழைய ஜெபப் புத்தகங்களில் மட்டும் உயிரோடு இருக்கின்றன. பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவத்தைச் சொல்வதற்கு) முன்னால் ஆத்தும சோதனை செய்வதற்கு இந்தப் பட்டியல் கைவிளக்கு. புராட்டஸ்டன்ட் பக்கம் வேத வாசிப்பும் குடும்ப ஜெபமும் அந்த வேலையைச் செய்தன. வழி எதுவானாலும் நடப்பது ஒன்றுதான்: மொத்தமாக ‘நான் பாவி’ என்பது யாருக்கும் எளிது, ‘வரப்பில் ஒரு விரற்கடை’ என்று குறிப்பாகச் சொல்வதுதான் கஷ்டம். பெரியப்பா பைபிளின் உபாகமத்தில் ஒரு வசனத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்ற வசனம். அதை எங்களுக்கு வாசித்துக் காட்டியதே இல்லை. அவர் போன பிறகுதான் கோட்டைப் பார்த்தோம்.

பேதுரு சொன்ன ஏழு குணங்களையும் படிக்கட்டாக நினைத்துவிடக் கூடாது. தைரியம் பாஸ் பண்ணிவிட்டு ஞானம் வகுப்புக்குப் போவது போல அல்ல. ஒன்றுக்குள் ஒன்று விளைவதாகத்தான் மூலத்தில் வாசகம் ஓடுகிறது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலும் அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஒன்பதை அடுக்கிவிட்டு ‘ஆவியின் கனி’ என்று ஒருமையில்தான் சொல்கிறார் பவுல். ஆனாலும் பேதுருவின் வரிசையில் கடைசி இரண்டுக்கு மட்டும் முன்பின் இருப்பதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். சகோதர சிநேகம் முதலில், அன்பு அப்புறம். நம் ஆட்களை நேசிப்பதில் தொடங்கி, நம் ஆள் அல்லாதவரிடம் போய் முடிய வேண்டும்.

டெல்டாவின் கிறிஸ்தவ வரலாறு தடுக்கி விழுந்தது சரியாக இந்த இடத்தில்தான். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் பிள்ளைகள் அவர்கள். சரியான கோட்பாடு போதாது, வாழ்க்கை மாற வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் உயிர்நாடி. இங்கே வந்து தமிழ் படித்த சீகன்பால்க் 1708-இலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார். ஒழுக்கம் கற்றுக்கொடுக்க வந்தவருக்கு, ஒழுக்கம் இங்கே திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பாடம் என்று தெரிந்துபோனது. போதாததற்கு, கோட்டையில் இருந்த ஐரோப்பியர்களின் குடியையும் கூத்தையும் காட்டி, ‘உங்கள் ஆட்களே இப்படி இருக்கிறார்களே’ என்று தமிழர்கள் அவரைக் கேட்டார்கள். விசுவாசம் இருக்கிறது, அரெட்டே எங்கே என்ற கேள்வி அது.

அதற்கு டெல்டாவில் கிடைத்த நல்ல பதில் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798-இல் தஞ்சாவூரில் இறந்தவர். ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லை. ராஜாவின் வாக்கையும் கும்பெனியின் வாக்கையும் குடியானவர்கள் நம்பத் தயாராக இல்லை, பலமுறை ஏமாந்திருந்தார்கள். விலை கைக்கு வரும் என்று ஸ்வார்ட்ஸ் சொன்னார், மாடுகள் வந்தன, தானியமும் வந்தது. சொன்னபடி பணமும் கொடுக்கப்பட்டது. அவர் பிரசங்கத்தை ஏற்காதவர்களும் அவர் சொல்லை ஏற்றார்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் இந்த வரிசையில் வருவார். கத்தோலிக்கர், லஞ்சத்தை எதிர்த்துப் பாட்டெழுதிய நீதிபதி. பஞ்ச காலத்தில் கைப்பொருளைச் செலவழித்து அவர் கஞ்சி ஊற்றியதைக் கண்டு, நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியே அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். உபயம் என்றால் அது உபயம்.

அதே ஸ்வார்ட்ஸின் சபையில்தான் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் கரையும் என்று அவர் விட்டுவைத்தார். கரையவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவின் மேல் எத்தனையோ பாடல்கள் கட்டிய வேதநாயக சாஸ்திரியார், சாதி ஒழுங்கைக் கலைக்க வந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். வெளியேறியவர்களிடமும் சாஸ்திரியாரிடமும் விசுவாசம் இல்லையா? இருந்தது. தேவபக்தி? என்னைவிட நூறு மடங்கு. சகோதர சிநேகத்துக்கும் குறைவில்லை, நம் ஆட்களுக்குள்.

வண்டல் வயலில் படிந்தால் பொன், வாய்க்காலில் படிந்தால் அடைப்பு. சொந்தபந்தம் என்கிற பாசமும் அப்படித்தான். வீட்டுக்குள் அது நற்குணம், திருவிருந்து மேசைக்கு அது வந்தால் தண்ணீர் அதற்கு மேல் பாயாது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதியால் பிரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது, கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால்தான் ‘தைரியம்’ என்ற சொல்லை இப்போது எனக்கு மாற்ற மனசில்லை. அரெட்டேக்கு அகராதியில் முதல் பொருள் அது இல்லை, தெரியும். ஆனால் நல்ல குணம் என்பதை நாம் சாதுவான விஷயமாக நினைத்துப் பழகிவிட்டோம். கோபப்படாதவர், சத்தம் போடாதவர், யார் வம்புக்கும் போகாதவர் என்றால் ‘தங்கமான மனுஷன்’ என்று பட்டம் கொடுத்துவிடுகிறோம். பந்தியில் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று ஊர் தீர்மானிக்கும்போது அந்தத் தங்கமான மனுஷர் வாயைத் திறப்பதில்லை. பெரியப்பாவும் தன் மண்வெட்டியைத்தான் நிறுத்தினார். தன் அப்பா வெட்டியதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. இந்தக் குணங்கள் இல்லாதவன், தான் முன்செய்த பாவங்களறச் சுத்திகரிக்கப்பட்டதை மறந்து ‘கண்சொருகிப்போன குருடன்’ என்கிறது ஒன்பதாம் வசனம். தூங்கிவழிகிறவனுக்குக் கண் சொருகுவதைப் பார்த்திருக்கிறோம். பார்வை இல்லாமல் இல்லை, திறந்து வைக்கப் பிரியம் இல்லை.

வயல் இப்போது என் தம்பி கையில். உழவும் நடவும் மிஷின் செய்துவிடுகிறது, அண்டை வெட்ட மட்டும் இன்னும் மண்வெட்டிதான். போன ஆவணியில் சம்பாவுக்கு வரப்பைச் சீவும்போது, எல்லை எங்கே என்று சந்தேகம் வந்து, பக்கத்து வயற்கார அண்ணனும் அவனுமாகச் சர்வே கல்லைத் தேடித் தோண்டினார்கள். நானும் கரையில் நின்றேன். வரப்பில் கல் இல்லை. டேப்பை வைத்து அளந்து கடப்பாரையால் குத்திப் பார்த்ததில், எங்கள் வயலுக்குள், வரப்பிலிருந்து ஒன்றரை அடி உள்ளே சத்தம் கேட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கல்லின் தலையில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டு, வாய்க்காலுக்குக் கால் கழுவப் போனார்.

“சம்பா அறுப்பு முடியட்டும், மாத்திக் கட்டிடலாம்” என்றான் தம்பி. அறுப்பு முடிந்துவிட்டது. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்தும் இப்போது காய் பிடித்துவிட்டது. வரப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.